ஒரு மணி பத்து நிமிஷம்

எதிர் வீட்டு ஜன்னலின் பச்சைத் திரை காலையில் சரியாக ஆறரைக்கு மேலே சுருண்டு ஏறும். அது ஏறினால்தான் மாஸ்டரம்மாவுக்குக் காப்பி இறங்கும். திரைக்குப் பின்னால் வெள்ளை பனியனும் வழுக்கைத் தலையும் தெரிந்ததும் டம்ளரைக் கையில் வைத்தபடியே கண்ணை மூடி வேண்டிக்கொள்வாள்.

"ஆண்டவா, அவனுக்கு நூறு வயசு கொடு. நூறு வயசு முடியிற வரைக்கும் ஒருத்தரும் அவன் கதவைத் தட்டக் கூடாது."

முதல் பாதியை மட்டும் கேட்டவர்கள் அவளைப் புண்ணியவதி என்பார்கள். கேட்கத்தான் வீட்டில் யாரும் இல்லை. முழு வேண்டுதலும் கடவுளுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடமாக அவரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

எதிர் வீட்டில் இருந்தது அவளுடைய கூடப்பிறந்த தம்பி. ஒரே தம்பி. ஆனால் அந்தச் சொல் அவள் வாயில் வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. 'எதிர்வீட்டான்' என்றுதான் சொல்வாள். குறுகிய தெரு, இந்தப் பக்கம் ஒரு கட்டடம், அந்தப் பக்கம் ஒன்று, இரண்டிலும் இரண்டாம் மாடி. அந்த வீடுகளைத் தேடிப் பிடித்ததே அவன்தான். "ஜன்னல்ல நின்னே பேசிக்கலாம்க்கா, படி ஏறி எறங்க வேண்டாம்" என்றான் அப்போது. ஆளுக்கொரு சாவியும் மாற்றிக்கொண்டார்கள். அவன் வீட்டுச் சாவி இன்னும் அவளுடைய ஊசி டப்பாவுக்குள் இருந்தது. தூக்கி எறியாததற்கு அவள் ஒரு காரணம் வைத்திருந்தாள். என்றைக்காவது அவன் நாதியில்லாமல் கிடக்கும்போது கதவைத் திறந்து நின்று, ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துவிட்டு வர வேண்டும். அதற்காகத்தான் அந்தச் சாவி.

அக்காவும் தம்பியும் ஒரே ஆயத்த ஆடைக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். அவள் கட்டிங் மாஸ்டர். பெண் என்பதால் தையல்காரர்கள் 'மாஸ்டர்' என்பதோடு ஒரு 'அம்மா'வைச் சேர்த்துக்கொண்டார்கள். நீண்ட மேஜையில் எழுபது மடிப்புத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, மேல் மடிப்பில் சாக்பீஸ் கோடு போட்டு, மின்சாரக் கத்தியை உள்ளே விட்டால் எழுபது சட்டையின் முதுகும் ஒரே வீச்சில் வந்துவிடும். கை பிசகினால் எழுபதும் பாழ். அதனால் அவள் மேஜைக்கு ஒரு சட்டம் இருந்தது. கத்தி ஓடும்போது மாஸ்டரம்மாவைக் கூப்பிடக் கூடாது. கூரை பற்றி எரிந்தாலும் கத்தி நின்ற பிறகு சொன்னால் போதும்.

அந்தச் சட்டம் வந்ததே தம்பியால்தான். அவள் சிபாரிசில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கத்தி ஓடிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்று, "அக்கா, சாப்பிட்டியா?" என்று கேட்டான். அவள் திரும்பினாள். இடது ஆள்காட்டி விரலின் நுனி துணியோடு போயிற்று. அன்றைக்கு அவள் அழவில்லை, அவன்தான் அழுதான். பிறகு வருடங்கள் ஓடி அவன் சூப்பர்வைசர் ஆனான். அவள் விரல் குட்டையாகவே இருந்தது. அதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. பாசத்தில் போன விரல்.

போனது விரலோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அவள் கணவர் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. சாயங்காலம் போய்ப் பார்க்கலாம் என்று அவள் வேலைக்கு வந்திருந்தாள். மதியம் இரண்டு நாற்பதுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. எடுத்தவன் தம்பி. விஷயத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, மடித்து, சட்டைப் பையில் வைத்தான். அப்போது கத்தி ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மணிக்குக் கத்தி நின்றது. அவன் வரவில்லை. அடுத்த அடுக்கை விரித்தார்கள், வெட்டினாள், முடித்தாள். நாலு பத்துக்கு வந்து, தரையைப் பார்த்தபடி சீட்டை நீட்டினான். அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது நாலு ஐம்பது.

"இருபது நிமிஷம் முன்னாடிதாம்மா. உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தார்" என்றாள் நர்ஸ்.

மாஸ்டரம்மா நியாயம் தெரிந்தவள். கத்தி ஓடிய முதல் இருபது நிமிடத்தை அவள் அன்றைக்கே மன்னித்துவிட்டாள். அது அவளே போட்ட சட்டம். மிச்சம் இருந்தது ஒரு மணி பத்து நிமிடம். அதை அவள் மன்னிக்கவில்லை.

அதன் பிறகும் ஒன்பது வருடம் அதே கம்பெனியில் இருந்தாள். அவனிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் மெஷினிடம் சொன்னாள். "ஏ மெஷினே, நூல் கண்டு தீந்துபோச்சுன்னு உங்க சூப்பர்வைசர்கிட்டச் சொல்லிடு" என்பாள், அவன் பக்கத்தில் நிற்கும்போதே. தையல்காரர்கள் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு போய் நூல்கண்டு கொண்டுவந்து வைப்பான். ஆறு வருடம் முன்பு அவன் மனைவி இறந்தபோதுகூட இவள் தெருவைத் தாண்டவில்லை. ஜன்னலில் நின்று பார்த்தாள். அன்று வேண்டுதலில் 'தனியா' என்ற சொல்லைப் புதிதாகச் சேர்த்துக்கொண்டாள். அந்தப் பாவத்தை நாம் மூடி மறைக்க வேண்டாம், அவளே மறைத்ததில்லை.

இப்படி இருக்கையில்தான் ஒரு நாள் காலை பத்து மணிக்கு ஆய்வுக்காரப் பெண் அவள் கதவைத் தட்டினாள். முப்பத்தைந்து வயது இருக்கும். தோளில் துணிப்பை, கையில் ஒரு கட்டுத் தாள். பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறாளாம். நாற்பது வருடம் முன்பு அந்தப் பல்கலைக்கழகத்து ஆட்கள் கம்பெனிக்கு வந்து, தொழிலாளர்களை வாழ்நாள் முழுக்கப் பின்தொடரும் ஆய்வு என்று ஒன்றைத் தொடங்கினார்கள். யார் சந்தோஷமாக இருக்கிறார்கள், ஏன் இருக்கிறார்கள் என்று இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து கேட்பார்கள். தம்பி சேர்ந்தான். மாஸ்டரம்மா சேரவில்லை. "அளக்கறதுக்கு எங்கிட்டயே டேப்பு இருக்கு" என்று அப்போது அனுப்பிவிட்டாள்.

"எதிர்ல இருக்காரே, அவரோட அக்கா நீங்கதானேம்மா?"

"எதிர்வீட்டானோட எனக்குப் பேச்சு வார்த்தை கெடையாது."

"ஆனா அவர் உங்களைத்தான் சொல்லியிருக்கார்."

"எதுக்கு?"

"இந்தத் தடவை அவங்க சொல்றதை மட்டும் எழுதிக்கறதில்லைம்மா. அவங்களை நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்டயும் முப்பது கேள்வி கேக்கறோம். அவரைக் கேட்டதுக்கு, 'எங்க அக்காவுக்குத் தெரியாதது எங்கிட்ட ஒண்ணும் இல்ல'ன்னார்."

மாஸ்டரம்மா கதவை அகலத் திறந்து, உள்ளே வரச் சொன்னாள். கோபத்தில் இருந்தாலும் வாசலில் நிற்கிறவளுக்குத் தண்ணீர் கொடுக்காத வீடு அல்ல அது.

"நாப்பது வருஷமா அளந்து என்னத்தைக் கண்டுபிடிச்சீங்க?"

"வயசான காலத்துல யாரு நல்லா இருப்பாங்கன்னு பாத்தா, ரத்தப் பரிசோதனையைவிட அவங்களுக்கு மனுஷங்க இருக்காங்களாங்கறதுதான் அதிகமாச் சொல்லுதும்மா."

"இதுக்கா நாப்பது வருஷம்? என்னைக் கேட்டிருந்தா காப்பி ஆறறதுக்குள்ள சொல்லியிருப்பேனே."

"நீங்கதான் சேர மாட்டேன்னுட்டீங்களாமே" என்று அவள் சிரித்தாள். "இன்னொண்ணும்மா. ஓயாம சண்டை போட்டுக்கறவங்களும் நல்லாத்தான் இருக்காங்க. சண்டை ஒரு விஷயமே இல்ல. ஒரு கஷ்டம்னா இவங்க வந்துடுவாங்கன்னு உள்ளுக்குள்ள நிச்சயமாத் தெரியணும். அதுதான் விஷயம்."

அப்படியென்றால் எதிர்வீட்டானுக்கு அது இல்லை. மாஸ்டரம்மாவின் நெஞ்சு நிறைந்தது. வேண்டுதல் பலித்ததற்குப் பல்கலைக்கழகமே சாட்சி.

"நான் எழுதறதை அவன் படிப்பானா?"

"மாட்டார். காட்டவே மாட்டோம்."

அவள் முகம் சுருங்கியது. "பின்ன எதுக்கு நான் மெனக்கெடணும்?"

"ஆனா அப்படியே பத்திரமா இருக்கும்மா. அம்பது வருஷம் கழிச்சு யாராவது அவரைப் பத்திப் படிச்சாலும் நீங்க எழுதினதைத்தான் படிப்பாங்க."

அம்பது வருடம்! அவனும் போய், அவளும் போய், தெருவே இடிந்து போன பிறகும் அவன் யார் என்பதை அவள் கையெழுத்து சொல்லிக்கொண்டிருக்கும்.

"பேனா வெச்சிருக்கியாம்மா?" என்றாள் மாஸ்டரம்மா. "இல்ல, வேண்டாம். நல்ல பேனாவா நானே எடுத்துக்கறேன். நீ வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கோ."

மத்தியானம் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதினாள். உறவு என்ற இடத்தில் 'எதிர்வீடு' என்று போட்டாள். மதிப்பெண் ஒன்றிலிருந்து பத்து வரை போடலாம் என்றிருந்தது. 'இவர் நம்பத் தகுந்தவரா?' ஒன்று. 'பிறர் துன்பத்தில் உதவுவாரா?' ஒன்று. 'பொறுப்பை உணர்ந்து நடப்பாரா?' பூஜ்யம் இல்லையே என்று வருந்தி ஒன்று போட்டாள். பக்கத்தில் 'மூன்று மணி முதல் நாலு பத்து வரை' என்றும் எழுதிவைத்தாள். படிக்கிறவனுக்குப் புரியாவிட்டால் போகட்டும்.

பிறகு வேறு வகைக் கேள்விகள் வந்தன. எப்படித் தூங்குகிறார், எவ்வளவு நடக்கிறார், யாரோடு சிரிக்கிறார். இவற்றுக்குப் பேனா நிற்கவே இல்லை. பத்து மணிக்கு விளக்கை அணைப்பான். இரண்டு மணிக்கு ஒரு தடவை போடுவான். போன மழைக்குப் பிறகு இடது முழங்காலைத் தாங்கி நடக்கிறான். ஒரே தட்டு, ஒரே டம்ளர், கழுவி ஜன்னல் விளிம்பில் கவிழ்ப்பான். செத்துப்போனவளின் செருப்பை இன்னும் வாசலில் வைத்திருக்கிறான். சிரித்து நாலு மாதம் ஆயிற்று. அதுவும் ரேடியோவைக் கேட்டு. எழுதிக்கொண்டே வந்தவளுக்கு ஓர் இடத்தில் கை நின்றது. தன்னைப் பற்றி இவ்வளவு எழுத உலகத்தில் யாரால் முடியும் என்று யோசித்தாள். பதில் பிடிக்காததால் அடுத்த கேள்விக்குப் போனாள்.

அது இருபத்தொன்பதாம் கேள்வி. 'இவர் வீட்டில் விழுந்துவிட்டாலோ, எழ முடியாமல் படுத்துவிட்டாலோ, அது முதலில் யாருக்குத் தெரிய வரும்?'

மாஸ்டரம்மா நிதானமாக, அழகான எழுத்தில் எழுதினாள்: 'யாருக்கும் தெரியாது.'

அதை இரண்டு முறை படித்துப் பார்த்தாள். நல்ல துணியில் நேராக விழுந்த வெட்டுப்போல இருந்தது. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் ஆறரைக்குத் திரை ஏறவில்லை.

ஆறு முப்பத்தைந்து. திரை அப்படியே இருந்தது. மாஸ்டரம்மாவின் டம்ளரில் ஆடை கட்டியது. ஆறு நாற்பது. அவன் ஒரு நாளும் தாமதித்தவன் அல்ல. மனைவியைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போன மறுநாள்கூட ஆறரைக்கு ஏற்றினான்.

விழுந்துகிடக்கிறான்.

அவளுக்கு அது சந்தேகமாகத் தோன்றவில்லை, தெரிந்தது. தெரிந்ததும் எழுந்திருக்கத்தான் செய்தாள். பிறகு உட்கார்ந்தாள். 'யாருக்கும் தெரியாது' என்று எழுதியாயிற்று. அவள் அசையாமல் இருந்தால் போதும், எழுதியது உண்மையாகிவிடும். எவ்வளவு நேரம்? அதற்கும் அவளிடம் பதில் தயாராக இருந்தது. ஒரு மணி பத்து நிமிடம். அதற்கு மேல் ஒரு நிமிடம் வேண்டாம், குறையவும் வேண்டாம். ஏழு நாற்பதுக்குப் போவாள். சாவியைப் போட்டுத் திறப்பாள். தரையைப் பார்த்தபடி நிற்பாள். "இப்பத்தான் தெரிஞ்சுது" என்பாள்.

சாவியை எடுத்து வைத்துக்கொண்டாள். கடிகாரத்துக்கு நேராக நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். ஆறு ஐம்பது. கிடக்கட்டும். ஒருத்தர் வருவாரா வருவாரா என்று வாசலையே பார்த்துக்கொண்டு கிடப்பது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளட்டும். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவருக்கு எப்படி இருந்திருக்கும்? "உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தார்." கேட்கட்டும். இவனும் யாரையாவது கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.

ஆறு ஐம்பத்தெட்டு. படிவம் மடியில் இருந்தது. சும்மா இருந்த கை அதை இரண்டாக மடித்தது, நாலாக மடித்தது, நைட்டியின் பக்கப் பையில் செருகியது.

செருகிய கையை அவள் பார்த்தாள்.

இதே மடிப்பு. இப்படித்தான் ஒரு துண்டுச் சீட்டு மடங்கிச் சட்டைப் பைக்குள் போயிருக்கும். ஒருவன் உயிர் போகிற சேதி ஒருத்தர் பையில் இருக்கிறது, அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். இருபத்திரண்டு வருடமாக அந்த ஆளை அவள் வெறுத்து வந்தாள். இப்போது அந்த ஆள் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

செருப்பைக்கூடப் போடாமல் தெருவைத் தாண்டினாள்.

சாவி திரும்பியது. அவன் பூட்டை மாற்றவே இல்லை.

ஜன்னலுக்குக் கீழே, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தான். ஒரு கால் இயல்பில்லாத பக்கம் திரும்பியிருந்தது. வலது கை திரையின் கயிற்றை நோக்கி நீண்டிருந்தது. கயிறு அரை முழம் மேலே ஆடியது.

"அக்கா" என்றான். குரல் வறண்டிருந்தது. பிறகு, "மணி என்ன?"

"ஏழு அஞ்சு."

அவன் கண்ணை மூடி எதையோ கூட்டினான். "ஆறரையிலேர்ந்து முப்பத்தஞ்சு நிமிஷம். ஒரு மணி பத்து நிமிஷம் ஆகும்னு நெனச்சேன்."

தண்ணீர் எடுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். அந்தக் கணக்கு அவளுக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்திருந்தாள்.

"அப்ப உனக்கும் தெரியும்."

"தெனமும் தெரியும்."

"ஏன்டா?" என்றாள். இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு ஒரு 'டா'. "கத்தி நின்னப்புறமும் ஏன்டா வரல?"

"லாரி வாசல்ல நின்னுது. முதலாளி பக்கத்துல நின்னார். இன்னொரு அடுக்கு முடியட்டும்னார். மாமாவுக்கு அவ்வளவு மோசம்னு எனக்குத் தெரி..." நிறுத்திக்கொண்டான். "இல்ல. தெரியும். நர்ஸ் தெளிவாச் சொன்னா. தெரிஞ்சுதான் நின்னேன். பயந்துட்டேன்க்கா."

"இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல இருபத்திரண்டு வருஷமா?"

"நீ கத்தியை நிறுத்தவே இல்லையேக்கா" என்றான் அவன். "ஓடறப்ப கூப்பிடக் கூடாதுல்ல."

அவளுக்கு அவனை அறைய வேண்டும்போல் இருந்தது. விழுந்துகிடக்கிறவனை எங்கே அறைவது? கட்டிலிலிருந்து தலையணையை உருவி அவன் தலைக்குக் கீழே கொடுத்தாள். கொஞ்சம் வேகமாகத்தான் கொடுத்தாள். ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து உதட்டை நனைத்தாள். டாக்டர் கேட்பார்களே என்று ஞாபகம் வந்து, அதட்டலாகக் கேட்டாள்: "நேத்து ராத்திரி சாப்பிட்டியா?"

அவன் முகம் கோணியது. சிரிப்பா, வலியா என்று முதலில் தெரியவில்லை.

"விரல் பத்திரம்க்கா" என்றான்.

"வாயை மூடுடா, கொன்னுடுவேன்" என்றாள் அவள். ஆனால் அந்தக் குட்டை விரல் அவன் நெற்றியில் இருந்தது; அவள் எடுக்கவில்லை. கடவுள் தன் பெரிய வேலைகளை எல்லாம் இப்படிச் சின்னக் கைகளிடம்தான் கொடுத்துவைக்கிறார்.

ஆம்புலன்ஸ்காரர்கள் அவனைத் தூக்குப் படுக்கையில் ஏற்றினார்கள். "நீங்க யாரும்மா இவருக்கு?"

"அக்கா" என்றாள். நியாயம் தெரிந்தவள் அல்லவா, உடனே திருத்தினாள்: "ஆனா பேசறதில்ல."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவளும் ஏறி உட்கார்ந்தாள்.

தொடை எலும்பில் முறிவு. மூன்று வாரம் படுக்கை. அடுத்த நாள் காலை ஆறரைக்கு மாஸ்டரம்மா காப்பியைக் கையில் எடுத்தாள், எதிரே திரை இறங்கியே இருந்தது, காப்பி இறங்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே படி இறங்கி, தெருவைத் தாண்டி, படி ஏறி, அவன் வீட்டுத் திரையை ஏற்றிவிட்டு, திரும்பி வந்து குடித்தாள். வேண்டுதலில் நூறு வயசு வரைக்கும் சரியாக வந்தது. அதற்கு அப்புறம் என்ன என்பது வாயில் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப நேரமாயிற்று என்று அதோடு விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஆய்வுக்காரப் பெண் வந்தாள். நாலாக மடித்த படிவத்தைப் பிரித்து நீவிக்கொண்டே பார்த்தாள். இருபத்தொன்பதாம் கேள்வியில் 'யாருக்கும் தெரியாது' என்பதை ஒரே கோட்டில், அளவுகோல் வைத்ததுபோல், மாஸ்டரம்மா அடித்திருந்தாள். பக்கத்தில் எழுதியிருந்தது: 'எனக்கு. முப்பத்தைந்து நிமிடத்தில்.'

"இதை மாத்தியிருக்கீங்களே" என்றாள். "மத்த கேள்வியையும் ஒருவாட்டி பாக்கறீங்களாம்மா? எல்லாத்துக்கும் ஒண்ணுதான் போட்டிருக்கீங்க. நம்பத் தகுந்தவரா, ஒண்ணு. பொறுப்பு, ஒண்ணு."

"அதெல்லாம் அப்படியே இருக்கட்டும். அதெல்லாம் நெசம்."

"சரிம்மா." அவள் படிவத்தைத் துணிப்பையில் வைத்துக்கொண்டாள்.

கதவு வரைக்கும் கூடவே வந்த மாஸ்டரம்மா, அவள் படியில் கால் வைக்கும்போது கூப்பிட்டாள்.

"ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடி வருவீங்கல்ல?"

"வருவோம்மா."

"வாங்க. அதுக்குள்ள அவன் எப்படி நடந்துக்கறான்னு பாக்கறேன். ஒழுங்கா இருந்தான்னா, பொறுப்புல மட்டும் ரெண்டு போடறேன்."